மிதிக்கட்டையும் பாபினின் பல்லும்

சமையலறைக் காலண்டரில் நவம்பர் 26ஆம் தேதிக் கட்டத்தை இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. சிவப்புப் பேனாவில் 17 கோடு. எங்கள் பூனைக்குட்டி கடித்த ஒவ்வொரு கடிக்கும் ஒரு கோடு. பால் கணக்கு எழுதுகிற காலண்டர் அது. அன்றைய பால் கணக்குக்கு இடமே இல்லாமல் ஓரத்தில் சாய்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

கரூரில் வீட்டு முன்னறையிலேயே எனக்குத் தையல் வேலை. லைனிங் பிளவுஸ், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது. மெஷின் என் அம்மா காலத்தது, காலால் மிதித்து ஓட்டுவது. மோட்டார் மாட்டச் சொல்லி வீட்டுக்காரர் பல தடவை சொல்லியாகிவிட்டது. என் கால் கேட்கிற பேச்சை மோட்டார் கேட்காது என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்தப் பூனைக்குட்டி விவகாரத்துக்குப் பாதிக் காரணம் அந்த மிதிக்கட்டைதான்.

எதிர்ச் சந்தில் ஒரு டவல் குடோன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. ஒரு மழைநாளில் தாய்ப்பூனை ரோட்டில் அடிபட்டுவிட்டது. இரண்டு குட்டிகளை லோடு ஏற்றுகிற அண்ணன்மார் எடுத்துப் போனார்கள். மூன்றாவதை என் மகன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். சமையலறைத் தராசில் கிண்ணம் வைத்து அதற்குள் உட்காரவைத்துப் பார்த்தோம். கிண்ணம் போக 480 கிராம். வந்த அரை மணி நேரத்தில் மேசையிலிருந்த பாபினை, மெஷினில் அடிநூல் சுற்றி வைக்கிற சின்ன உருளையை, தட்டிவிட்டு வீடெல்லாம் உருட்டியது. மெஷினுக்கு அடியில் பச்சை நூலில் ஒரு சிக்குக்கோலம். பாபின் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

மறுநாள் கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பல்லும் கோரைப்பல்லும் வந்துவிட்டன, கடைவாய்ப் பல் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, ஐந்து வாரம் இருக்கும் என்றார். “கொஞ்சம் சீக்கிரமே தாயைப் பிரிஞ்சிருச்சுங்க. விளையாட்டுல கடிக்கும். பார்த்துக்கங்க” என்று சொல்லிப் பூச்சிமருந்து கொடுத்து அனுப்பினார்.

ஏன் கடிக்கும் என்பதை அவர்தான் விளக்கினார். குட்டிகள் நாலு வாரத்திலிருந்தே ஒன்றோடொன்று கட்டிப் புரளும். ஒன்று அழுத்திக் கடித்தால் கடிபட்டது கீச்சென்று கத்தும், திருப்பிக் கடிக்கும், அல்லது எழுந்து போய்விடும். தாயிடம் பல் பட்டால் அது முன்காலால் அமுக்கிப் பிடிக்கும். எவ்வளவு அழுத்தினால் ஆட்டம் தொடரும், எவ்வளவு அழுத்தினால் ஆட்டம் முடிந்துபோகும் என்ற கணக்கைக் குட்டி இப்படித்தான் படிக்கிறது. பாபினுக்கு அந்தப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிட்டது. அதே வயதில் இன்னொரு குட்டி இருந்தால் பாதி வேலை அதுவே பார்த்துவிடும் என்றும் சொன்னார். வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, “ஒண்ணே காலண்டரை நிரப்புது, ரெண்டா?” என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது.

முதல் பத்து நாள் நான் செய்ததெல்லாம் தப்பு. அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நீங்களும் அதே வரிசையில்தான் செய்வீர்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

முதலில், மூக்கில் ஒரு தட்டு. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன யோசனை. தட்டினேன். பாபின் ஒரு நொடி கண்ணைச் சுருக்கியது. பிறகு இரண்டு முன்காலாலும் அந்தக் கையையே கட்டிப் பிடித்து இன்னும் பலமாகக் கடித்தது. அதன் கணக்கில் நான் சண்டைக்கு வந்திருக்கிறேன். நாலு தடவைக்குப் பிறகு வேறு மாதிரி ஆனது. தடவிக்கொடுக்கக் கையைக் கொண்டுபோனாலே காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பின்வாங்கியது. அதைப் பார்த்த அன்றோடு தட்டுவதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது, தண்ணீர். இஸ்திரி போடத் துணியில் அடிக்கிற ஸ்பிரே பாட்டில் எப்போதும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். காலைக் கடித்தால் ஒரு அடி. வேலை செய்த மாதிரிதான் தெரிந்தது. ஓடிப் போய்க் கட்டிலுக்கடியில் உட்கார்ந்துவிடும். மூன்றாம் நாள்தான் புரிந்தது, அது கடிக்கக் கூடாது என்று படிக்கவில்லை, பாட்டில் இருக்கும்போது கடிக்கக் கூடாது என்று படித்திருக்கிறது. பாட்டிலை மேலே வைத்துவிட்டுத் திரும்பினால் கணுக்காலில் பல். அது போக, உண்மையிலேயே துணிக்கு இஸ்திரி போடப் பாட்டிலை எடுத்தாலும் பயந்து ஓடியது. செய்யாத தப்புக்குத் தண்டனை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது யோசனை என் அம்மாவுடையது. “விரல் சூப்புற பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவறதில்லையா கண்ணு, அதே மாதிரி கையில தடவிக்க.” நல்லவேளை, தடவுமுன் மருத்துவருக்குப் போன் போட்டேன். பூனை தன் உடம்பை நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கும், மேலே பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும், குட்டிக்கு அது ஆகாது என்றார். வீடு துடைக்கிற பினாயிலும் டெட்டாலும்கூடப் பூனை இருக்கிற வீட்டில் வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நான்காவது, அலறல். இணையத்தில் எல்லோரும் சொல்வது: கூடப்பிறந்த குட்டி மாதிரி கீச்சென்று கத்துங்கள். கத்தினேன். மகனும் கத்தினான். பாபினுக்குக் கண்மணி விரிந்து, முதுகு வளைந்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி வந்து மறுபடி கடித்தது. மெல்லிய குரலில் கீச்சிடுகிற ஒரு பொருள் அதற்கு எலிதானே. சில குட்டிகளுக்கு இது பலிக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் குட்டிக்குப் பலிக்கவில்லை.

டிசம்பர் 5. அவசரமாக ஒரு கல்யாண பிளவுஸ். கை வெட்டி இணைத்து, ஓட்டமாக மிதித்துக்கொண்டிருந்தேன். பாபின் மிதிக்கட்டைக்குப் பின்னால் பம்மியிருந்ததை நான் பார்க்கவில்லை. பாய்ந்து வலது கணுக்காலைக் கவ்வியதும் நான் வெடுக்கென்று காலை இழுத்தேன். அந்த இழுப்பில்தான் கிழிந்தது. இரண்டு துளி ரத்தம் வெள்ளை லைனிங்கில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். “குட்டிதானே, மஞ்சள் வை, ஆறிரும்” என்றார் அம்மா. மஞ்சளும் வைக்கவில்லை, மிளகாய்ப்பொடியும் வைக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவினேன். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனேன். ரத்தம் வந்திருக்கிறது, குட்டிக்கு இன்னும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவில்லை, தாய் தெருப்பூனை. ஆகவே காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, அதோடு தோலுக்குள்ளேயே போடுகிற தடுப்பூசி இரண்டு கையிலும்: அன்றைக்கு, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நாலு தடவை. கடைசி ஊசி ஜனவரி 2. ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாகக் கிடையாது, ஊசியோ இலவசம். யோசிக்க ஒன்றுமில்லை. குட்டியைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள். அது பத்து நாளும் நன்றாகத் தின்று, நன்றாகக் கடித்தது.

பூனைக் கடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல் ஊசி மாதிரி மெல்லியது. வெளியே சின்னப் புள்ளி, உள்ளே ஆழம். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். ஒரு நாளைக்குள் சிவந்து வீங்கி வலித்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. விரல் மூட்டில் கடி என்றால் இன்னும் சீக்கிரம் ஓட வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மூக்கில் தட்டும்போதும், தண்ணீர் அடிக்கும்போதும், கத்தும்போதும், காலை இழுக்கும்போதும் நான் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறேன்: அசைந்திருக்கிறேன். பூனைக்கு அசைவதெல்லாம் இரை. இழுத்துக்கொண்டு ஓடுகிற இரையை எந்தப் பூனையும் விடாது. எனக்கோ கையும் காலும் அசைந்தால்தான் சோறு.

அன்று சாயங்காலமே முயன்று பார்த்தேன். தரையில் உட்கார்ந்து ஃபால்ஸ் மடித்துக்கொண்டிருந்தபோது பாபின் வந்து என் ஆள்காட்டி விரலைக் கவ்வியது. நாலு கோரைப்பல்லும் தோலில் பதிந்து நிற்கின்றன, இன்னும் உள்ளே போகவில்லை. பின்காலிரண்டும் மணிக்கட்டை உதைக்கின்றன. இழுக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கிறது. இழுக்கவில்லை. கையைத் துணிப்பொட்டலம் மாதிரி தளரவிட்டேன். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. உதை நின்றது. நான்கு, ஐந்து. பல் தளர்ந்து, சொரசொரப்பான நாக்கு மட்டும் விரலில் பட்டது. வாயைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. ‘என்ன, செத்துப்போச்சா?’ என்கிற பார்வை. கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் “போதும்” என்று ஒரே ஒரு சொல் சொல்லி, எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அரை நிமிடம் மட்டும். அதற்கு மேல் போனால் எதற்காகப் போனேன் என்பதே அதற்கு மறந்துவிடும்.

திரும்பி வந்ததும் திட்டவில்லை, கொஞ்சவும் இல்லை. வேறு பொம்மையை எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தேன். முறை அவ்வளவுதான். பல் தோலில் பட்டால் ஆட்டம் அந்த நொடியில் செத்துப்போகும். பொம்மையில் பட்டால் ஆட்டம் நீளும்.

விடாமல் பிடித்துக்கொண்டால் ஒரு தந்திரம் இருக்கிறது. கையைப் பின்னால் இழுக்காமல், மிக மெதுவாக அதன் வாய்ப்பக்கமே ஒரு நூலளவு தள்ள வேண்டும். இரை எதிரே வந்தால் பூனைக்குக் குழப்பம், வாயைத் திறந்துவிடும். குத்துகிற மாதிரி தள்ளக் கூடாது, தொண்டை சின்னது.

ஆனால் நிறுத்துவது மட்டும் போதாது. கடிக்கிற ஆசை எங்கேயாவது போக வேண்டுமே. அதற்குத்தான் பொம்மை வேலையில் இறங்கினேன்.

முதல் பொம்மை ஒரு தூண்டில். மூன்றடி மூங்கில் குச்சி, நுனியை உப்புத்தாளால் தேய்த்தது. கயிற்றுக்குப் பதில் பாவாடை நாடா. நூல் வேண்டவே வேண்டாம். தையல் வீட்டில் பூனை வளர்க்கிற யாருக்கும் சொல்கிறேன்: பூனையின் நாக்கில் முள் உள்நோக்கி இருக்கும், நூல் ஒரு தடவை நாக்கில் ஏறினால் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். நூலோடு ஊசியும் போனால் ஆபரேஷன்தான். விழுங்கிய நூல் குடலை இழுத்துச் சுருக்கிவிடும்; வாயிலோ பின்பக்கமோ நூல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பாபின் வந்த முதல் வாரத்திலேயே நூல்கண்டெல்லாம் மூடி போட்ட பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விட்டது. தரையில் கிடக்கிற வெட்டு நூலை ஒரு நாளைக்கு மூன்று தடவை பெருக்குகிறேன். பூக்கட்டுகிற நூலும் டப்பாவுக்குள்தான். நாடா தடிமனானது என்றாலும் ஆட்டம் முடிந்ததும் தூண்டில் பீரோவுக்குள் போய்விடும். தனியாக அதன் கையில் கொடுப்பதில்லை.

நாடாவின் நுனியில் ஒரு துணிப்பந்து, அதில் கழுவிக் காயவைத்த இரண்டு கோழி இறகு. இதை ஆட்டுவதற்கும் ஒரு கை வேண்டும். மகன் முதலில் அதன் மூஞ்சிக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டினான். பாபின் சலிப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எந்த எலி பூனையின் மூஞ்சியில் வந்து முட்டும்? விலகிப் போக வேண்டும். கட்டில் காலுக்குப் பின்னால் மறைய வேண்டும். அங்கே ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு துடிப்பு. அப்போது பாருங்கள்: உடம்பு தரையோடு தரையாக, கண் கறுத்துப்போய், பின்பக்கம் இடமும் வலமும் ஆடும். பிறகு அம்பு. மூன்று பாய்ச்சலுக்கு ஒரு தடவையாவது பிடித்துவிட விட வேண்டும். பிடிக்கவே முடியாத ஆட்டம் அதற்கு எரிச்சல். இதனால்தான் லேசர் விளக்கு நான் வாங்கவில்லை. வெளிச்சப் புள்ளியைப் பிடித்து வாயில் போட முடியாதே.

இரண்டாவது பொம்மை, கட்டிப் பிடித்து உதைக்க ஒரு திண்டு. முதல் திண்டைக் குடோனில் கிடைத்த டர்க்கி டவல் துண்டில் தைத்தேன். கரூர்க்காரிக்கு டவலுக்குப் பஞ்சமா? அரை மணி நேரத்தில் நகம் டவலின் வளையத்தில் மாட்டிக்கொண்டு, திண்டு காலோடு தொங்க, பயந்து போய் வீடெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியது. பிடித்து ஒவ்வொரு நகமாக விடுவித்தேன். அதைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காடாத் துணியில் இரண்டாவது. நெருக்கமான நெசவு, வளையம் இல்லை. 9 அங்குல நீளம், 3 அங்குல விட்டம், உள்ளே இலவம்பஞ்சு, சுற்றிலும் இரட்டைத் தையல். பட்டன், பாசி, சமிக்கி எதுவும் வைக்கவில்லை. குட்டியைவிடத் திண்டு கொஞ்சம் நீளமாக இருப்பது முக்கியம். அப்போதுதான் தலையைக் கடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பின்காலால் உதைக்க முடியும். இந்தத் திண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது; இரண்டு தடவை மூலையில் ஒட்டுப் போட்டாயிற்று.

அம்மா இதற்கிடையில் கொல்லையிலிருந்து குப்பைமேனியை வேரோடு பிடுங்கி வந்தார். பூனைவணங்கி என்று அதற்கே இன்னொரு பெயர் இருக்கிறதே, பூனை மயங்கிக் கிடக்கும், கடியெல்லாம் மறந்துவிடும் என்பது அவர் திட்டம். பாபின் ஒரு தடவை மோந்து பார்த்தது. தும்மியது. திண்டைக் கடிக்கப் போய்விட்டது. “பெருசானதும் வணங்கும்” என்று அம்மா வேரைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார்.

மிதிக்கட்டைக்கு வருகிறேன். கைக்கு ‘நிறுத்து’ முறை சரி. காலை எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் தையல் நிற்கும். கடியைவிடப் பெரிய பயம் எனக்குச் சக்கரம். வலதுபக்கப் பெரிய சக்கரத்திலும் பெல்ட்டிலும் வால் மாட்டினால் அவ்வளவுதான். முதலில் சேலை அட்டைப்பெட்டியை வெட்டி மெஷின் ஸ்டாண்டைச் சுற்றிக் கட்டினேன். இரண்டே நாளில் அட்டையைப் பிறாண்டிக் கிழித்து ஜன்னல் வைத்துக்கொண்டது. அதன் வழியாக ஒற்றைக் கை மட்டும் நீண்டு என் கட்டைவிரலைத் தேடும். பிறகு வீட்டுக்காரர் பழைய ஹார்டுபோர்டு இரண்டு துண்டை அறுத்து, துளையிட்டு, ஸ்டாண்டின் இரும்புக் கால்களோடு கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார். பின்பக்கமும் சக்கரப்பக்கமும் மூடியாயிற்று. எண்ணெய் விட ஒரு பக்கம் கழற்றுகிற மாதிரி. முன்பக்கம் என் கால் போகத் திறந்துதான் இருக்கும். தைக்கும்போது முழங்காலிலிருந்து தரை வரை ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், அது இன்னும் மோசம். போர்வைக்கு அடியில் அசைகிற கால், பூனைக்குப் புதருக்குள் ஓடுகிற எலி. அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

கடைசியில் காலைக் காப்பாற்றியது நேரம்தான். மெஷினில் உட்காருவதற்கு முன் பத்து நிமிடம் தூண்டில். மூச்சு வாங்கிப் படுக்கிற வரை. உடனே சாப்பாடு: உப்பில்லாமல் வேகவைத்த கோழி பிய்த்துப் போட்டது, அல்லது குட்டிகளுக்கான தீவனம் ஊறவைத்தது. வெங்காயம் பட்ட எதுவும் கிடையாது. பாலும் கிடையாது, வயிறு போகும். பதுங்கல், பாய்ச்சல், கடி, உதை, தீனி, நக்கிக்கொள்ளல், தூக்கம்: வேட்டையாடுகிற பூனையின் நாள் இந்த வரிசையில் ஓடுகிறது. வரிசையை நாமே முடித்து வைத்தால் பாபின் துணி மூட்டைமேல் சுருண்டு ஒன்றரை மணி நேரம் தூங்கும். அதற்குள் ஒரு லைனிங் பிளவுஸ் பாதிக்கு மேல் ஆகிவிடும். காலை ஆறு, பதினொன்று, சாயங்காலம் ஐந்து, இரவு ஒன்பதரை என்று நாலு ஆட்டம் வைத்தேன். இரவு ஆட்டத்தைத் தவறவிட்டால் விடிகாலை நாலரைக்குக் கால் பெருவிரலில் அலாரம் அடிக்கும். பூனைக்கு விடியலும் அந்தியும்தான் உற்சாக நேரம், அதை மாற்ற முடியாது. பசியையும் களைப்பையும் கொஞ்சம் நகர்த்தலாம்.

டிசம்பர் 15 கட்டத்தில் 9 கோடு. 20இல் 6. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கொழுந்தனார் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சாப்பாட்டுக்கு வருவார். வந்ததும் சோபாவில் உட்கார்ந்து விரலைச் சிலந்தி மாதிரி நடக்கவிடுவார். பாபின் பாய்ந்து கையைக் கட்டிப் பிடிக்கும், கவ்வும், உதைக்கும். இவர் வயிற்றைக் குலுக்கிச் சிரிப்பார். “விளையாடாதீங்க தம்பி, கையைக் கடிக்கப் பழகுது” என்றால், “ஆம்பளைக் கை அண்ணி, தாங்கும்” என்பார். கை தாங்கும். திங்கட்கிழமை காலண்டர்தான் தாங்காது: 13. ஆண் கைக்கும் பெண் கைக்கும், பெரியவர் கைக்கும் பிள்ளை கைக்கும் பூனைக்கு வித்தியாசம் தெரியாது. பத்தில் ஒரு தடவை கை விளையாட வருகிறது என்றால் மற்ற ஒன்பது தடவையும் வாய் வைத்துக் கேட்டுத்தான் பார்க்கும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்த்ததில்லையா?

பூனையைத் திருத்துவதைவிட வீட்டைத் திருத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. மகன் போர்வைக்குள் கால்விரலை ஆட்டுவான். வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டே தெரியாமல் விரலால் தாளம் போடுவார். கடைசியில் மகனின் உண்டியலை நடுமேசையில் வைத்து, விரலால் விளையாடினால் ஐந்து ரூபாய் என்றேன். முதல் வாரம் 85 ரூபாய் சேர்ந்தது. அதில் 50 கொழுந்தனாருடையது. இரண்டாவது ஞாயிறு அவர் வாசலிலேயே கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வந்ததும் கேட்டார், “அந்தத் தூண்டிலு எங்கங்கண்ணி?”

ஒன்றை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். எல்லாக் கடியும் விளையாட்டுக் கடி இல்லை. மடியில் படுத்துச் சுகமாகக் ‘குர்குர்’ என்று முனகிக்கொண்டிருக்கும். நாமும் முதுகைத் தடவிக்கொண்டே இருப்போம். திடீரென்று திரும்பி ஒரு கடி. திடீர் என்பது நமக்குத்தான். வால் நுனி முதலில் துடிக்கும். பிறகு முதுகுத் தோல் காற்றடித்த குளம் மாதிரி ஒரு சுளிப்புச் சுளிக்கும். காது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பும். முனகல் நிற்கும். இத்தனைக்கும் பிறகும் கை நிற்கவில்லை என்றால் அது வேறு என்னதான் செய்யும்? இப்போது வால் நுனி ஆடினாலே கையை எடுத்துவிடுகிறேன். இந்த வகைக் கடிக்குக் கதவைச் சாத்துகிற வேலையெல்லாம் கிடையாது. அதில் தப்பு என்னுடையது.

தடுப்பூசி, பாபினுக்கு எட்டு வாரத்தில் ஒன்று, நாலு வாரம் கழித்து அதற்கு அடுத்த தவணை. மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. பொங்கலுக்கு அடுத்த வாரம் அதுவும் முடிந்தது. பொங்கல் சமயத்தில் துணி குவிந்து கிடந்ததால் பதினொரு மணி ஆட்டத்தை ஒரு வாரம் விட்டுவிட்டேன். கோடு 3லிருந்து 8க்கு ஏறியது. கோடு ஏறினால் பூனையைப் பார்க்காமல் என் நாளைப் பார்க்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

பிப்ரவரி நடுவில் இன்னொரு குழப்பம். ஆட்டம் தவறவில்லை, கொழுந்தனாரும் ஒழுங்காக இருக்கிறார், ஆனாலும் கண்டதையெல்லாம் மெல்ல ஆரம்பித்தது: ஸ்கேல், செருப்பு வார், இஸ்திரிப் பெட்டி வயர். வயரைப் பார்த்ததும் பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி மேலே வைத்தேன். இரண்டு நாள் கழித்து வெட்டுமேசையில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒன்று. தேய்த்துப் பார்த்தால் பல். பால் பல் விழுந்து முளைக்கிற பருவம். பால் பல் 26, அது போய் வருகிற பல் 30. மூன்றரை நாலு மாதத்தில் தொடங்கி ஆறு ஏழு மாதம் வரை நடக்கும். ஈறு நமநமவென்று இருக்கும், பாவம். காடாத் துணியை நாலு மடிப்பாக மடித்து, ஓரம் அடித்து, நனைத்து ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்துக் கொடுத்தேன். முன்காலால் அமுக்கிக்கொண்டு கடைவாயில் வைத்து மென்றது. அந்தப் பல்லை மகன் பழைய பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.

இன்றைக்கு மார்ச் 29. இந்த மாதம் முழுவதற்கும் கோடு 5. அதிலும் தோல் கிழிந்தது ஒன்றுமில்லை. வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் வந்து, தானே விட்டுவிடுகிற வகை. நேற்று மெஷினுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. மிதிக்கட்டை மேலும் கீழும் போவதைத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தது. பின்பக்கம் ஆடத் தொடங்கியது. நான் காலை நிறுத்தினேன். அதுவும் நின்றது. எழுந்து போய்த் திண்டைக் கழுத்தில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து, என் காலுக்குப் பக்கத்தில் போட்டு அதை உதைத்தது. அடுத்த மாதம் கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி கேட்டிருக்கிறோம்.

தீராதது ஒன்று இருக்கிறது. அளவு டேப். வாடிக்கையாளருக்கு இடுப்பளவு எடுக்கும்போது டேப்பின் நுனி தொங்கி ஆடும். வெள்ளிக்கிழமை ஒரு அக்கா பட்டுச்சேலையில் வந்திருந்தார். டேப்பைச் சுற்றி, “முப்பத்தி நாலுங்கக்கா” என்று சொல்லி வாயை மூடவில்லை, மேசைக்கு அடியிலிருந்து அம்பு பாய்ந்தது. டேப்பைத்தான் பிடித்தது, சேலையை இல்லை. அந்த அக்கா போட்ட சத்தத்தில் குடோனிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்கள். இப்போதைக்கு அளவெடுக்கும்போது பாபின் சமையலறையில் திண்டோடு. தொங்காமல் சுருண்டு கொள்கிற டேப் ஒன்று கடையில் பார்த்தேன். அது விடுகிற சத்தத்துக்கு என்ன செய்யுமோ, வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.